விருத்தாசலத்தில் உப்பில்லாத சொதி

திருச்சியைத் தாண்டி வடக்கே போனால் எங்கள் பாளையங்கோட்டைக்காரர்களுக்கு எல்லாமே வெளிநாடுதான். "தண்ணியச் சுட வச்சுக் குடி, கண்டதத் திங்காதே, யாருகிட்டயும் பேச்சுக் கொடுக்காதே" என்று உபதேசம் பண்ணித்தான் ரயிலேற்றுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உபதேசம் பண்ணவில்லை. "விருத்தாசலமா? பீங்கான் ஊரு. வரும்போது நல்லதா ஒரு ஊறுகாய் ஜாடி வாங்கிட்டு வா" என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய பிறகு இதுதான் மிச்சம்.

நான் போனது ஜாடிக்கு இல்லை, டாக்டர் பட்டத்துக்கு. நடுநிலைப் பள்ளி டீச்சர் நான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி, நாற்பது வயதுக்கு மேல் கல்வியியலில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிந்துவைத்தேன். வருஷங்கள் ஓடின. ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தாலே "டாக்டரம்மா வந்தாச்சு, ஊசி போடுவாங்க, கைய நீட்டுங்க" என்று கிண்டல். சிரித்துக்கொள்வேன், உள்ளே எரியும்.

என் கைடு நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சொன்னது சொன்னதுதான். தலைப்பு அவர் கொடுத்தது: தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள்? பதிலையும் அவரே கொடுத்துவிட்டார்: அம்மா படிக்காததால். இதற்குக் கருதுகோள் என்று பெயர். நான் செய்ய வேண்டியதெல்லாம் படிக்காத தாய்மார்களைப் பார்த்து, கேள்வித்தாளில் பதில் வாங்கி, அவர் சொன்னது சரி என்று கணக்குப் போட்டுக் காட்டுவது. "வர்ற மே மாசம் நான் ரிட்டயர் பிள்ளே. அதுக்குள்ள தீசிஸக் கொண்டாந்தா கையெழுத்து. இல்லன்னா வேற கைடப் புடி, முதல்லேருந்து ஆரம்பி" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதனால் இந்தப் பயணத்தில் கேள்வித்தாள் நிரம்பினால் நான் டாக்டர், நிரம்பாவிட்டால் ஸ்டாஃப் ரூமில் ஆயுசுக்கும் கிண்டல்.

விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆராய்ச்சி இல்லை, ஓசியில் தங்க இடம். கூட வேலை பார்க்கும் டீச்சரின் அக்கா வசந்தா அங்கே வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் செல்வராசுக்குச் சொந்தமாக ஒரு செராமிக் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு சூளை, நாலு தகரக் கொட்டகை. அதில் வேலை செய்கிறவர்கள் பாதிக்கு மேல் பெண்கள். வேறென்ன வேண்டும்?

ரயில் லேட்டாகி, நல்ல வெயிலில் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. ஏ யப்பா, என்ன வெயில்! எங்கள் ஊர் வெயிலும் லேசுப்பட்டது இல்லை, ஆனால் அதில் சாயந்திரம் ஒரு காற்று வரும் என்ற நம்பிக்கையாவது உண்டு. வழியில் ஆட்டோக்காரர் பாலத்தில் மெதுவாகப் போய், "இதான் மணிமுத்தாறு" என்று காட்டினார். எங்கள் பக்கமும் ஒரு மணிமுத்தாறு உண்டு. ஒரே வித்தியாசம், அதில் தண்ணீர் இருக்கும். சொன்னேன். "மழ பேஞ்சா இதுலயும் வரும்மா" என்றார் கோபித்துக்கொள்ளாமல்.

வசந்தா வாசலிலேயே நின்றாள். "வாங்க வாங்க, மொதல்ல ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்று உட்காரவைத்து, இட்லி, வடை, பூரி, மறுபடி இட்லி என்று தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று கையை வைத்து மறைத்தால் விரலிடுக்கில் சட்னி ஊற்றுகிறாள். எங்கள் ஊரில் உபசாரம் வாயோடு சரி, "சாப்பிட்டுட்டுத்தான வந்திருப்பீய" என்று கேட்டு முடித்துவிடுவோம். இங்கே அப்படி இல்லை. வந்தவர் மனம் கோணக்கூடாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே எல்லாமே அஞ்சு. கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, நந்தி அஞ்சு. என் கேள்வித்தாளிலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அஞ்சு பதில்தான்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன். நல்ல சகுனம் என்று விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனி. நான் பொம்மையும் பூச்சாடியும் எதிர்பார்த்துப் போனேன். முற்றம் முழுக்க வரிசையாக வெள்ளை வெளேர் என்று கக்கூஸ் பேசின்! செல்வராசு கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதில் ஒன்றைத் தடவிக் கொடுத்து, "இதான் டீச்சர் நமக்குச் சோறு போடுது" என்றார். மண்ணை அச்சில் ஊற்றிக் காயவைத்து, பளபளப்புக்கு மேற்பூச்சு கொடுத்து, சூளையில் வேகவைத்து எடுக்கிறார்கள். ஆறியதும் பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு சின்ன மரக்கட்டையால் ஒவ்வொரு பேசினையும் தட்டிப் பார்க்கிறார்கள். டங்கென்று மணிச் சத்தம் வந்தால் நல்ல சரக்கு. பூச்சில் புள்ளி, கோடு இருந்தால் செகண்ட்ஸ். சொத்தென்று சத்தம் வந்தால் எங்கோ உள்ளே விரிசல், உடைசல் குவியலில் தூக்கி எறிந்துவிடுவார்கள். தட்டுவதும் எறிவதும் பேசிக்கொண்டே நடக்கிறது. முகத்தில் ஈவு இரக்கம் கிடையாது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் அஞ்சலை. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் வருகிறவள். என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் இரண்டு ஆள் குரல். பக்கத்தில் தமிழ்ச்செல்வி, போன தையில்தான் கல்யாணம் ஆன பெண், பத்தாவது வரை படித்தவள். அவளை வாசிக்கச் சொன்னேன். அவள் வாக்கியத்தைப் படிக்க, பெண்கள் பதில் சொல்ல, நான் டிக் போட.

"பள்ளி ஆசிரியர்கள் என் பிள்ளையின் மீது அக்கறை காட்டுகிறார்கள்."

"ஆமாங்க டீச்சர். மொத்தமா ஆமாங்க."

"என் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை நான் தினமும் கவனிக்கிறேன்."

"கவனிக்காம? முழுசா ஆமான்னு போட்டுக்குங்க."

என் பேனா தடதடவென்று ஓடியது. மத்தியானத்துக்குள் பாதி முடிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாக விடவில்லை, ஆளுக்கு ஒரு கை என் தட்டில் வைத்தார்கள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, மல்லாட்டைத் துவையல். நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். அந்தத் துவையலுக்காகவே இன்னொரு பிஎச்.டி. பண்ணலாம். "எப்பிடி டீச்சர் இருக்குது?" என்று கேட்டார்கள். "பிரமாதம்" என்றேன். கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கல், அதைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஒரு கூத்து. டவுனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு கம்பெனிக்குப் போக வேப்பூர் பஸ்ஸில் ஏறினேன். ரொம்ப தூரமில்லை. ஆனால் பஸ் கிளம்புகிற வழியாக இல்லை. பக்கத்து சீட்டில் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த இரண்டு முஸ்லிம் பெண்கள், மாமியும் மருமகளும். துபாயிலிருந்து வருகிறவரை அழைக்கத் திருச்சி ஏர்போர்ட் போகிறார்களாம், வேப்பூரில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். "செராமிக் ஸ்டாப் வந்தா சொல்லுங்க" என்று அவர்களிடம் சொல்லி வைத்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது ஹைவே, லாரி வரிசை, பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம். வேப்பூர்! "ஏம்மா, எழுப்பச் சொன்னேனே!" என்று கத்திவிட்டேன். மருமகள் சங்கடப்பட்டாள். மாமி உருதுவில் ஏதோ நீளமாகச் சொன்னாள். மருமகள் அதைத் தமிழில் சொன்னாள்: "எழுப்பலாம்னுதான் பாத்தோம். எவ்ளோ அசந்து தூங்குது, எந்த ஊரு பொண்ணோ, எழுப்ப மனசு வரலன்னு சொல்றாங்க." கூடவே ஒரு சின்னச் சிரிப்பு. "கொறட்ட வேற நல்லா வந்துது" என்பதை அவளாகவே சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கோபித்து என்ன பண்ண? ரோட்டோரக் கடையில் இரண்டு பரோட்டா தின்றுவிட்டு மல்லாட்டை மூட்டை ஏற்றிய வேனில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அன்றே எல்லாக் கேள்வித்தாளும் நிரம்பிவிட்டது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி கைடு சாருக்குப் போன் போட்டேன். "ஒருத்தர்கூட பதில் சொல்லாம விடல சார்!" என்றேன். "அருமையான டேட்டா! நீ டாக்டர்தான் பிள்ளே" என்றார். பூத்திலிருந்து வெளியே வரும்போது தரையில் கால் பாவவில்லை.

இவ்வளவு செய்த பெண்களுக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வசந்தா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். எங்கள் ஊர்ச் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் வைப்போமே, தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இஞ்சி, பச்சை மிளகாய் தட்டி, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவது. காலையிலிருந்து நானே தேங்காய் திருவி, நானே பால் பிழிந்தேன். வசந்தாவை அடுப்படிக்குள் விடவில்லை.

இலை போட்டுப் பரிமாறினேன். பெண்கள் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள். "எப்படிப் பிள்ளேளா?" என்றேன்.

"ரொம்ப நல்லாருக்குது டீச்சர்" என்றாள் தமிழ்ச்செல்வி.

"இப்பிடி ஒரு கொழம்ப நான் தின்னதே இல்ல" என்றாள் அஞ்சலை. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

வசந்தா ஒரு படி மேலே போய், "என் தங்கச்சி இதுல பாதி ருசிக்குக்கூட வைக்க மாட்டா" என்றாள். செல்வராசு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் பூரித்துப் போய் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக என் இலையில் உட்கார்ந்தேன்.

ஒரு வாய் வைத்தேன். உப்பு இல்லை.

கொஞ்சம் குறைச்சல் என்று இல்லை, ஒரு கல் உப்புகூட இல்லை. ஐயோ! போட மறந்தே போய்விட்டேன்! இதையா இரண்டு தடவை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள்? "ஏ வசந்தா, உப்பே இல்லியே, ஏன் சொல்லல?" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதுக்கு இன்னாங்க, நல்லாத்தான இருந்துது" என்றாள். அப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்!

கையைக் கழுவினேன். ஒரு சந்தேகம் தட்டியது. போய்க் கேள்வித்தாள் கட்டைப் பிரித்தேன். "பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி அவசியம்." எல்லாரும் முற்றிலும் உடன்படுகிறார்கள். இரண்டு பக்கம் தள்ளி, "பெண்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை படிப்பு போதுமானது." அதற்கும் எல்லாரும் முற்றிலும் உடன்படுகிறார்கள். கூர்ந்து பார்க்காமல் டிக் போட்டுத் தள்ளியிருக்கிறேன். தாய் படிக்காததே பெண் நின்றுபோகக் காரணம் என்ற வாக்கியத்துக்கும், அதாவது சாரின் கருதுகோளுக்கும், எல்லாரும் ஆமாம். எத்தனை தூரத்திலிருந்து வந்த டீச்சர், அவர் எழுதிக்கொண்டு வந்ததை இல்லை என்று சொல்லி மனதை நோகடிப்பதா? உப்பில்லாத சொதியைத் தின்ற அதே வாயால்தான் இதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்? சாருக்கு வேண்டிய பதில் அப்படியே வந்திருக்கிறது. மே மாதத்துக்குள் கையெழுத்து. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று பூராவும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் அடங்காது. என்னை ஏமாற்றினார்களே என்ற கோபம் ஒரு பக்கம், அந்தச் சொதியை எப்படித்தான் விழுங்கினார்களோ என்ற சிரிப்பு ஒரு பக்கம்.

திங்கட்கிழமை காலை நேரே முற்றத்துக்குப் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன். "நேத்து சொதியில உப்பு இருந்துச்சா, இல்லியா?"

எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் தமிழ்ச்செல்விதான் வெடித்துச் சிரித்தாள். பிறகு எல்லாரும். அஞ்சலைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அய்யோ டீச்சர், ஒங்க மொகத்தப் பாத்துட்டு எப்பிடிச் சொல்றது? நாங்க வூட்டுக்குப் போயி ஊறுகாய நக்கிக்கினு ஒக்காந்திருந்தோம்."

"அப்ப இந்தப் பேப்பருக்குச் சொன்ன பதிலு?"

சிரிப்பு நின்றது. "அது வந்து... நீங்க எழுதியாந்ததுங்க. தப்பாவா இருக்கும்?" என்றாள் அஞ்சலை.

"தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதாங்க" என்று அதற்கும் உடன்பட்டார்கள்! சொல்லிவிட்டு அஞ்சலை கட்டையை எடுத்துப் பக்கத்துப் பேசினைத் தட்டினாள். சொத். திரும்பிக்கூடப் பார்க்காமல் உடைசலில் எறிந்தாள். செல்வராசு பக்கத்திலேயே நின்றார். அவர் முதல்தான், அவர் மண்தான். அவர் மனம் நோகுமே என்று யாரும் தயங்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு வாக்கியமாக எழுதினேன். "இது நான் எழுதினது இல்ல. யாரோ எழுதுனது. இதுவும் சூளையிலேருந்து வந்த சரக்குன்னு நெனச்சுக்கோங்க. செல்வி படிப்பா. நீங்க தட்டிப் பாருங்க. நல்லதா, செகண்ட்ஸா, உடைசலா? மூணா பிரிச்சுப் போடுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பள்ளியில் மதிய உணவு தரமாக உள்ளது" என்று படித்தாள் தமிழ்ச்செல்வி.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "முட்ட போடுற அன்னைக்கி நல்ல சரக்கு. மத்த நாளு செகண்ட்ஸு."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "தொலைக்காட்சி பார்ப்பதால் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது" என்றதற்கு, "பிள்ளைங்க எங்க பாக்குதுங்க, அதுங்க அப்பன்தான் ராவும் பகலும் பாக்குறான், ஒடைசலு!" "வீட்டுப்பாடத்தை நான் தினமும் கவனிக்கிறேன்" என்பதை எல்லாருமாக உடைசலில் போட்டார்கள். "நானே இங்கேருந்து போயி அடுப்பு மூட்டவே இருட்டிப்புடுது, எங்கேருந்து கவனிக்கிறது?" "எட்டாம் வகுப்பு வரை படிப்பு போதுமானது" என்பதை தமிழ்ச்செல்வி படித்து முடிக்கக்கூட விடவில்லை. ஒருத்தி அவள் கையிலிருந்து பிடுங்கியே எறிந்தாள். நான் பரபரவென்று எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷ ஆராய்ச்சியில் அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்குச் சந்தோஷம் வந்தது.

பிறகு அந்த அட்டை வந்தது. தமிழ்ச்செல்வி குரலைத் தாழ்த்திப் படித்தாள். "தாய் கல்வியறிவு இல்லாதவராக இருப்பதே, பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதற்கு முக்கியக் காரணம்."

அஞ்சலை கையை நீட்டி அட்டையை வாங்கினாள். படிக்கத் தெரியாது, இருந்தாலும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். உடைசல் குவியலில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"நான் கைநாட்டுதான் டீச்சர்" என்றாள். "எம்பொண்ணு கலை நல்லாத்தான் படிச்சா. எட்டாவது படிக்கிறப்ப வயசுக்கு வந்தா. ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்களுக்குன்னு ரூமு கட்டித்தான் வச்சிருக்காங்க. உள்ள பேசினு ஒடஞ்சி போச்சி, பூட்டிட்டாங்க. போவணும்னா ஏரிக்கரைக்கித்தான் போவணும், அங்க ஆம்பளப் பசங்க நிக்கிறானுங்க. காலையில சொட்டுத் தண்ணி குடிக்காம போவா. சாயந்திரம் வூட்டுக்குள்ள பைய வீசிட்டு ஓடுவா. தூரமானா ஸ்கூலுக்குப் போவ மாட்டா. அப்பறம் அந்த லீவே மாசத்துக்கு ஒரு வாரமாச்சி. எட்டு முடிஞ்சதும் நின்னுட்டா. 'ஆத்தாக்காரி படிக்காதவ, அதான் பொண்ண நிறுத்திட்டா'ன்னாங்க ஸ்கூல்ல. நானும் சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

முற்றம் முழுக்க எங்களைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று பேசின்கள். அவளும் அவற்றைத்தான் பார்த்தாள். "ஒரு நாளைக்கி எத்தினி பேசினத் தட்டி லாரியில ஏத்துறேன் தெரியுமா? எந்தெந்த ஊருக்கோ போவுது."

பக்கத்திலிருந்தவள், "எங்க ஊரு ஸ்கூல்ல பேசினு இருக்குது, கதவுதான் இல்ல" என்றாள். இன்னொருத்தி, "எங்க ஊர்ல கதவும் இருக்குது, சாவி ஹெச்.எம்.கிட்ட" என்றாள். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, சாரின் கருதுகோள் அட்டையோடு சேர்ந்து உடைசலில் கிடந்தது.

பூத்துக்குப் போனேன். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முந்தா நாளுதான ஒருத்தர்கூட விடலன்னு குதிச்ச? அருமையான டேட்டா ஆச்சே" என்றார்.

"அது உபசாரம் சார், டேட்டா இல்ல."

"இப்ப என்ன, கக்கூஸப் பத்தி தீசிஸ் எழுதப் போறியா? ஆராய்ச்சிக்குப் போனியா, பஞ்சாயத்துக்குப் போனியா?" பிறகு குரல் இறங்கியது. "பிள்ளே, இருக்கிறதக் கொடுத்துட்டு பட்டத்த வாங்கிட்டுப் போ. மாத்துனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புதுத் தலைப்பு, புதுக் கைடு. நான் இருக்க மாட்டேன். ரெண்டு வருஷமாவது ஆகும்."

"ஆகட்டும் சார்" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் அர்த்தம் எனக்கே புரிந்தது. போனை வைத்துவிட்டுப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு ஆசைப்பட்டேன் அந்தப் பட்டத்துக்கு! டீ மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் டீயோடு ஒரு வடையும் வைத்தார். அந்த ஊரில் அழக்கூட வெறும் வயிற்றில் விடமாட்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அஞ்சலையிடம் திரும்பிப் போனேன். பெரிய தியாகம் செய்துவிட்டு வந்தவள் மாதிரிதான் நின்றேன், இல்லை என்று சொல்லவில்லை. "அந்தப் பேப்பரையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு அஞ்சலை. புதுசா எழுதப் போறேன். நீ சொன்னியே, அதத்தான் எழுதப் போறேன். என்ன, ரெண்டு வருஷம் ஆகும்."

அஞ்சலை கட்டையைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசத்துல கலைக்குக் கல்யாணமே ஆயிடும் டீச்சர்" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"அந்த ரூமுல ஒடஞ்சது எந்த மாதிரிப் பேசின்?" என்றேன்.

"தோ, இதே மாதிரிதான்."

செல்வராசைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "செகண்ட்ஸ் ஒண்ணு எடுத்துக்குங்க, அதப்பத்தி ஒண்ணுமில்ல. ஆனா ஹெச்.எம். ஒத்துக்கணும், மேல ஆபீசுல கேக்கணும், கொத்தனாரு வேணும், தண்ணி வேணும்..."

"கேப்போம்" என்றாள் அஞ்சலை. எழுந்து செகண்ட்ஸ் வரிசைக்குப் போய்த் தட்ட ஆரம்பித்தாள். ஒன்றைத் தட்டித் தள்ளினாள். அடுத்ததையும் தள்ளினாள். "ஏம்மா, செகண்ட்ஸ்ல என்னத்த இவ்ளோ பாக்குற?" என்று செல்வராசு சலித்துக்கொண்டார். அவள் அடுத்த வரிசைக்கு, நல்ல சரக்கு வரிசைக்குப் போனாள். ஒன்றைத் தட்டினாள். டங்கென்று முற்றம் முழுக்கக் கேட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செல்வராசு திரும்பிச் சூளைப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

சாக்கில் சுற்றி, அவர்கள் ஊர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். என்ன சுற்றினாலும் அது என்னவென்று ஊருக்கே தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர் காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டார். பாதி எடை அவள் மடியில், பாதி என் மடியில். ரோட்டுப் பள்ளத்தில் தூக்கிப் போடும்போதெல்லாம் இரண்டு பேரும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, புதுசா வூடு கட்டுறியா?"

"வூட்டுக்கு இல்ல" என்றாள் அஞ்சலை. "எம்பொண்ணு ஸ்கூலுக்கு."

"அப்பிடியா? எத்தினாவது படிக்குது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள்.

"ஒம்போதாவது" என்றாள்.